மணப்பெண்ணின் வங்கி வளைந்த கதை

அந்தக் காலத்தில் பாம்புகள் பேசும். மனிதரோடு உட்கார்ந்து ஊர்வம்பு கூடப் பேசும். அப்போது மணப்பெண்ணின் மேல்கைக்கு இந்த வங்கி மாதிரி பொன்னில் நகை கிடையாது. கல்யாணத்தன்று ஒரு பாம்புதான் அவள் மேல்கையில் வளையமாகச் சுற்றி உட்காரும். தாலி ஏறியதும் இறங்கிப் போய்விடும். பாம்புக்கு ஒரு படி பால், பெண்ணுக்கு ஊரெல்லாம் பெருமை. கேட்கவே உடம்பு கூசுகிறதா? அவர்களுக்குக் கூசவில்லை.

மருதாயிக்குக் கல்யாணம் வந்தது. எந்தப் பாம்பைக் கையில் ஏற்றுவது என்று வீட்டில் பேச்சு. தோட்டத்துச் சாரை தானாகவே வந்து, "நான் வாரேன் தாயி, எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றது. பாவம், நல்ல மனசு. ஆனால் தாய்மாமன் சுடலையாண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"சாரையைச் சுத்திக்கிட்டு மணையில உக்காந்தா நாலு ஊரும் சிரிக்காதா? என் மருமக கையில படம் எடுக்கிறதுதான் இருக்கணும்" என்றார்.

படம் எடுக்கிற நல்ல பாம்பு ஒன்று மருதாயிக்குத் தோழியாகவே இருந்தது. நாகி என்று பெயர். சின்ன வயதிலிருந்து புற்றுக்கு வெளியே இரண்டும் பேசிக் கிடக்கும். மருதாயிக்கும் நாகிதான் வேண்டும் என்ற ஆசை. போய்க் கேட்டாள்.

நாகி தலையைத் தூக்கியது. அதன் கண் இரண்டும் பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தன.

"ஏட்டி, எனக்குச் சட்டை உரியுத நேரம். கண்ணு தெரியல. தோலும் மரத்துக் கிடக்கு, எதைத் தொட்டாலும் தெரிய மாட்டேங்கு. மூணு நாள் பொறுக்க மாட்டீகளா?"

"முகூர்த்தம் நாளைக்கு, நாகி."

நாகி அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "நீ கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா? ஆனா ஒண்ணு. நான் இறுக்குதேனா, இல்லையான்னு எனக்கே தெரியாது. நீதான் வாயைத் திறந்து சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றாள் மருதாயி. தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

மறுநாள் நாகி அவள் கையில் ஏறியது. வழுக்கிவிடக் கூடாது என்று அதன் தலைப்பக்கத்தையும் வால்பக்கத்தையும் சந்தனக் குழம்பால் கையோடு அப்பினார்கள். மணைக்குப் போகும்போது அம்மா காதோரம் சொன்னாள்: "தலையைக் குனிஞ்சே இருக்கணும். மணையில உக்காந்த பொண்ணு வாயைத் திறந்தா குடும்பத்துக்கு ஆகாது." அந்த ஊரில் அதுதான் வழக்கம். ஊமை மாதிரி உட்கார வேண்டும்.

மேளம் முழங்கியது. பந்தல் அதிர்ந்தது. கண் தெரியாத நாகிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் பாம்பு என்ன செய்யும்? பிடித்திருப்பதை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

"ஏட்டி, இறுக்குதா?" என்று கேட்டது நாகி.

மருதாயிக்குக் கேட்டது. இறுக்கத்தான் செய்தது. எதிரே மாமியார்க்காரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாயி வாயைத் திறக்கவில்லை.

"மருதாயி, இறுக்குதா?"

பதில் இல்லை. மூன்றாம் தரமும் கேட்டது. அப்போதும் இல்லை. சரியாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்து, நாகி இன்னும் கொஞ்சம் சுருட்டிப் பிடித்தது. தோழி கேட்கிறாள், இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தாலி ஏறியது. மாப்பிள்ளை சடையன் அவள் கையைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கை ஜில்லுன்னு இருக்கு" என்றான். பட்டுச் சேலையை விலக்கிப் பார்த்தான். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நாவற்பழ நிறம். "ஐயோ, கை செத்துக் கிடக்கு."

மேளம் நின்றது. பாம்பு கடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சுடலையாண்டி அரிவாளோடு ஓடி வந்தார். படம் எடுக்கிற பாம்புதான் வேண்டும் என்று அடம் பிடித்த அதே மனுஷன்.

அப்போதுதான் மருதாயி பேசினாள்.

"வெட்டாதீங்க மாமா. அவ கடிக்கல. இறுக்குதா இறுக்குதான்னு மூணு தரம் கேட்டா. நான்தான் சொல்லல."

ஓங்கிய அரிவாள் அப்படியே நின்றது. எல்லாரையும் விட அதிர்ந்து போனது நாகிதான்.

"சொல்லுவேன்னியே" என்றது.

உடனே பிடியைத் தளர்த்தப் பார்த்தது. முடியவில்லை. சந்தனம் காய்ந்து இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டது. அரிவாளை வைத்தால் கையும் சேர்ந்து போகும். நாகி பல்லைக் கடித்துக்கொண்டு தன் நடுவுடம்பை மேலே தூக்கியது. கூரை முகடு மாதிரி அது எழும்ப எழும்ப, கைக்குள் ரத்தம் ஓடத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து உரிய வேண்டிய சட்டை அங்கேயே கிழிந்தது. சட்டை கையோடு ஒட்டி நிற்க, அதிலிருந்து உருவிக்கொண்டு பச்சை ரணமாய் நாகி மணையில் விழுந்தது.

மருதாயி குனிந்து அழுதாள். "ஒரு வார்த்தை பேசு நாகி."

"உனக்குப் பேச்சு இருந்தது. கை சாகுதவரைக்கும் அதை நீ எடுக்கல. அப்படிப்பட்ட பேச்சு எனக்கும் வேண்டாம்" என்றது நாகி.

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. புற்று வாசலில் மருதாயி ஒரு மாதம் கிடந்து கூப்பிட்டாள். உள்ளே இருந்து சீறல்தான் வந்தது.

அவள் கையில் ஒட்டியிருந்த சட்டை மட்டும் மிஞ்சியது. நடுவில் ஏறி, நுனிகள் சேராமல், அப்படியே காய்ந்திருந்தது. அடுத்த கல்யாணத்துக்கு எந்தப் பாம்பும் வரவில்லை. சாரை கூட வரவில்லை; கூப்பிட்டால் அதுவும் சீற மட்டும்தான் செய்தது. ஆசாரி அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு அதே வளைவில் பொன்னை அடித்தார். அதற்கு வங்கி என்று பெயர் வந்தது. அதைப் பூட்ட வந்தவள் மருதாயி. "இறுக்குதா?" என்று கேட்டாள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மருதாயி விடவில்லை. "நீ வாயைத் திறந்து சொல்லாம இங்க மேளம் அடிக்காது" என்று மணைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் இறுக்குது அக்கா" என்றது அந்தப் பெண்.

வங்கி நடுவில் முகடு போல ஏறி நிற்பதும், பாம்பு ஊமையாகிப் போனதும், வங்கி பூட்டுகிறவள் "இறுக்குதா?" என்று கேட்டுப் பெண்ணின் வாயிலிருந்தே பதில் வரும்வரை கையை எடுக்காமல் நிற்பதும் அன்று முதல்தான்.