தூங்கிக்கொண்டே தோண்டியவர்கள்

மலைச்சரிவில் இருந்த ஒரு சின்னக் குகையில் கழுதைப்புலி ஒன்று வசித்தது. மழைக்காலத்துக்குள் அந்தக் குகையைப் பெரிதாக்கிவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. செதிலி என்ற எறும்புத்தின்னியையும், சிலும்பன் என்ற முள்ளம்பன்றியையும், சில பெருச்சாளிகளையும் வேலைக்குக் கூப்பிட்டது. எல்லோருமே இரவில் நடமாடுகிறவர்கள்.

"இருட்டினதும் வாங்க. விடிஞ்சதும் போங்க. செதிலிக்குக் கரையான் புற்று, மத்தவங்களுக்குக் கிழங்கு!" என்றது கழுதைப்புலி.

கொஞ்ச நாள் சொன்னபடி நடந்தது. பிறகு அவர்கள் உள்ளே போனதும் குகை வாசலை ஒரு பாறை அடைத்தது.

"குளிர்காத்து அடிக்குதே, உங்களுக்காகத்தான்!" என்றது கழுதைப்புலி.

அன்றிலிருந்து உள்ளே விடியவே இல்லை.

"முதலாளி, விடிஞ்சிருக்குமே?" என்று செதிலி கேட்கும்.

"இன்னும் இல்லை! கொஞ்சம் பொறுங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்!" என்று பாறைக்கு அப்பாலிருந்து பதில் வரும். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு சுவரில் மோதி, யாரோ உள்ளேயே இருந்து சிரிப்பதுபோல் கேட்கும்.

வெளியே விடும்போது வெயில் உச்சியில் இருக்கும். கூடுதல் வேலைக்கு இன்னொரு புற்று கேட்டது செதிலி.

"அது நீங்க பாசத்துல செஞ்சது! பாசத்துக்கும் கூலியா?" என்றது கழுதைப்புலி.

ஒருநாள் செதிலி தள்ளாடி வீட்டுக்கு வந்தது. வழக்கமாக ஓடிவந்து வாலில் ஏறிக்கொள்ளும் குட்டி, வளைக்குள் பின்வாங்கியது.

"அம்மா இன்னும் வரலை. நீ யாரு?"

செதிலி தன் உடம்பை முகர்ந்து பார்த்தது. குகையின் ஈரமண் வாடைதான் வந்தது. தன் வாடை எங்குமே இல்லை.

அன்றிரவு குகைக்குள், "சிலும்பா, என் குட்டிக்கே என்னைத் தெரியலை" என்றது. பறண்டும் சத்தம் மட்டும் கேட்டது. செதிலி அருகே போய்ப் பார்த்தது. சிலும்பனின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் குறட்டை வந்தது. கால்கள் தோண்டிக்கொண்டிருந்தன! பெருச்சாளிகளும் அப்படியே. திறந்த கண்களோடு, தூங்கிக்கொண்டே, தோண்டிக்கொண்டே.

பயந்துபோய் செதிலி கீழே பார்த்தது. அதன் முன்னங்கால்களும் தோண்டிக்கொண்டிருந்தன. அது தோண்ட நினைக்கவே இல்லை!

அப்போது கூரையின் கோணல் வெடிப்பு வழியே வௌவால்கள் வந்து தொங்கின. இரவெல்லாம் வெளியே பறக்கும் அவை விடிந்தால்தான் திரும்பும். தினமும் வந்திருக்கும், யாரும் தலை தூக்கிப் பார்த்ததில்லை.

"விடிஞ்சுடுச்சு! எழுந்திருங்க!" என்று கத்தியது செதிலி. வாலால் ஒவ்வொருவரையும் அடித்து எழுப்பியது. சிலும்பன் மட்டும் விழிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து பாறையைத் தள்ளினார்கள். சிலும்பனை வெளியே இழுத்துவந்தார்கள்.

"யாரு நிறுத்தச் சொன்னது? எனக்கு வேற ஆள் கிடைக்கும்!" என்று சீறியது கழுதைப்புலி.

"கூப்பிடுங்க! வர்றவங்க முதல்ல இவனைப் பார்க்கட்டும்!" என்றது செதிலி.

இளவெயிலில் மல்லாந்து கிடந்தது சிலும்பன். கால்கள் காற்றைத் தோண்டிக்கொண்டிருந்தன. புதர்களில் காட்டு விலங்குகள் கூடிவிட்டன. ஒருவரும் வேலைக்கு முன்வரவில்லை. மேற்கே மேகம் திரண்டிருந்தது. குகையோ பாதியில் நின்றது.

"சரி, என்ன வேணும்?" என்றது கழுதைப்புலி.

"பாறை இருக்கக் கூடாது. விடிஞ்சா வீட்டுக்கு. அதுக்கு மேல வேலை இருந்தா எங்களைக் கேளுங்க. இஷ்டப்பட்டவங்க செய்வாங்க, அதுக்குத் தனிக் கூலி. இதுவரைக்கும் வாங்கின வேலைக்கும் சேர்த்து!"

கழுதைப்புலி ஒப்புக்கொண்டது. பாறை சரிவில் உருண்டு போனது. செதிலியின் குட்டி மெல்ல மெல்ல அம்மாவை அடையாளம் கண்டுகொண்டது.

சிலும்பனும் பிழைத்தது. அதன் பங்குக் கிழங்கு வளைக்கே வந்து சேர்ந்தது. ஆனால் அது கண்ணை மூடித் தூங்கும்போதெல்லாம், முன்னங்கால்கள் மட்டும் இன்றும் இருட்டைப் பறண்டுகின்றன.

நேரத்துக்கு மேல் கூலியில்லாமல் வாங்கும் வேலை உழைப்பவரின் உயிரையே அரிக்கும். அதைப் பாசம் என்று சொல்லி வாங்கினாலும், ஒன்றாக நின்று மறுப்பதே சரி.