ஆடிய பல்லக்கும் ஆடாத மோர்ப்பானையும்

அரசர்களுக்குப் பஞ்சமில்லாமல், குதிரைகளுக்கு மட்டும் பஞ்சமாக இருந்த ஒரு காலத்தில், கேளுங்கள், நீலமங்கலம் என்னும் ஊரில் அகளங்கர் என்றொரு புலவர் இருந்தார். தன்னை அறிவது எப்படி என்று ஆயிரம் பாடல் எழுதியவர். அதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் முகத்திலும் விழிக்காமல் அறைக்குள்ளேயே இருந்தார். வீட்டார் அதை ஒரு குறையாகக் கருதவில்லை.

அரசி நங்கைமாதேவிக்குத் தலைமை அமைச்சர் ஒருவர் தேவைப்பட்டார். "தன்னை அறிந்தவராமே! பார்ப்போம், அழைத்து வாருங்கள்" என்று பல்லக்கு அனுப்பினாள். நான்கு காத வழி, நான்கு தூக்கிகள். அகளங்கர் மனத்தளவில் ஏற்கெனவே அமைச்சராகிவிட்டார். உடலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம்.

பல்லக்கு ஆடியது.

முதல் காதத்தில், முன்னால் தூக்கியவர்களைத் திட்டினார். இரண்டாம் காதத்தில், அவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டு, முன்னால் வந்தவர்களைத் திட்டினார். மூன்றாம் காதத்தில் நால்வரையும் சேர்த்துத் திட்டினார். ஆட்கள் இடம் மாறினார்கள்; ஆட்டம் மாறவில்லை.

"அடேய் சடையாண்டி! அரசியிடம் சொல்லி உங்கள் நாலு பேர் பிழைப்பையும் கெடுக்கிறேனா இல்லையா பார்!"

தூக்கிகளின் தலைவன் சடையாண்டி பல்லக்கை இறக்கினான். வழியில் மோர் விற்றவளிடம், விளிம்புவரை நிறைந்த பானை ஒன்றை இரவல் கேட்டுப் புலவரின் இடத்தில் வைத்தான். வந்த மேடுபள்ளத்திலேயே நால்வரும் போய்த் திரும்பினார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"என் பானை படிக்காதது சாமி," என்றாள் மோர்க்காரி. "அதான் ஒழுங்கா உட்காருது."

புலவர் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தம்மைப் பற்றிப் பிறரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எப்படி உட்காருகிறேன்?"

"காட்டுறேன் சாமி," என்றான் சடையாண்டி. "ஆனா நான் ஏறினா கம்புக்கு ஒரு தோள் குறையுதே!"

வேறு தோள் இல்லை. அகளங்கர் கம்பைச் சுமந்தார். உள்ளே சடையாண்டி புலவரானான். அவர் வழியெல்லாம் பாடிவந்ததுபோல் ஒரு பாட்டைப் பாடி, அடிக்கொரு முறை தொடையைத் தட்டினான். வணங்கியவரைப் பார்க்க இடப்பக்கம் சாய்ந்தான். வணங்காதவரை முறைக்க வலப்பக்கம் சாய்ந்தான். ஒவ்வொரு சாய்விலும் கம்பு தோளை அறைந்தது.

"போதுமடா!" என்று அலறினார் புலவர்.

"இது ஒரு பாட்டுக்குத்தான் சாமி. இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது இருக்கு."

கடைசிக் காதம் முழுவதும் அகளங்கர் பல்லக்கில் மோர்ப்பானைபோல் அசையாமல் வந்தார்.

அரண்மனையில், பாடல்களைப் பற்றி அரசி ஒன்றும் கேட்கவில்லை. சடையாண்டியைத்தான் கேட்டாள்: "எப்படி வந்தார்?"

அகளங்கர் வீங்கிய தோளை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"மூணு காதம் எங்களைத் தூக்க விடல தாயே. நாலாவது காதம் விட்டாரு."

"அப்படியானால் அந்த நாலாவது காத வழிக்கு மட்டும் இவர் அதிகாரி," என்றாள் அரசி. "மிச்சப் பதவியை இனிமேல் சம்பாதித்துக்கொள்ளட்டும்."

அகளங்கர் மறுத்து வாதாடவில்லை. ஊர் அதை நெடுநாள் அதிசயமாகப் பேசிற்று.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: அறைக்குள் அமர்ந்து எத்தனை ஆண்டு ஆராய்ந்தாலும், தன்னைச் சுமப்பவரிடம் கேட்காதவனுக்குத் தன் பாரம் தெரியாது.