சிலம்பாயி வெட்டின வரப்பு

ஒரு ஊர்ல ஒரு ஏரி. ஏரிக்குக் கீழ ஒரு வாய்க்கா. வாய்க்கா ஓரத்துல, புங்கமரத்து நெழல்ல, ஒரு யோசனைக்காரி உக்காந்திருந்தா. பேரு சிலம்பாயி. ம் சொல்லு பாப்போம்... ம். அப்படித்தான்.

அவளுக்கு எதைப் பாத்தாலும் யோசனை. ஆடு வேலியைத் தாண்டி மேஞ்சா, தப்பு ஆட்டு மேலயா, வேலி கட்டினவன் மேலயான்னு கேப்பா. "போடி, வேலையைப் பாரு"ம்பாங்க எல்லாரும். அந்தச் சிலம்பாயிதான் பின்னாடி பெரிய ஞானி ஆயிட்டா, தெரியுமா? எது நல்லது, எது கெட்டதுன்னு அவகிட்டக் கேக்க எட்டூர்லேருந்து ஆளுங்க வந்தாங்க. ஆனா அந்த ஞானம் மொதமொதல்ல முளைச்சது ஒரு தூக்கத்துலதான். உன்னை மாதிரியே கண்ணு சொக்கி... ஏய், காலை ஆட்டாத. கேளு.

அப்போல்லாம் அந்த ஊர்ல தண்ணிய வட்டில் வச்சுதான் அளப்பாங்க. சின்னச் செம்பு வட்டில். அடியில ஊசி முனை அளவு ஓட்டை. பானைத் தண்ணியில மெதக்க விட்டா, ஓட்டை வழியாத் தண்ணி ஏறும். ஏறி, ஏறி, ஏறி... ப்ளுக்! முழுகிடும். ஒரு வட்டில் முழுகற நேரம் ஒரு வயலுக்குத் தண்ணி. முழுகினதும் அந்த வயல் வாயை அடைச்சுட்டு அடுத்த வயலுக்குத் திருப்பணும். அதான் சிலம்பாயி வேலை. ஆனா அவ சொந்த வயலுக்குப் பாயறப்போ மட்டும் வட்டில்கிட்ட வேற ஆளு உக்காரணும். அது ஊர்க் கட்டு.

அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. ஏரியில கடைசித் தண்ணி. மேல இருந்த வயலெல்லாம் குடிச்சாச்சு. பாக்கி ரெண்டே வயல். ஒண்ணு சிலம்பாயியோடது. அதை ஒட்டிக் கீழ இருக்கறது வெள்ளையம்மாளோடது. நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னிக்குத் தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதருதான். வெள்ளையம்மா தனிக்கட்டை, பாவம். அந்த வயலை விட்டா அவளுக்கு வேற கஞ்சி கிடையாது.

அன்னிக்குன்னு பாத்து ஊரே பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிடுச்சு. வெள்ளையம்மா ஒருத்திதான் மிச்சம், அவளும் கீழ தன் வயல்ல தண்ணிக்குக் காத்துக் கிடந்தா. வட்டில் பாக்க ஆளில்லை. "என் வயலுதானே, நானே பாத்துக்கறேன்"னு சிலம்பாயி உக்காந்துட்டா.

நல்ல மத்தியானம். வாய்க்கால்ல தண்ணி சளசளசள... புங்க எலை சலசல... வண்டு ஒண்ணு ஙொய்ய்ய்... வட்டில் மெதுவாச் சுத்துது. நெழல் ஆடுது, வெயில் ஆடுது. தானே அந்த வட்டில்ல ஏறி மெதந்து போற மாதிரி இருந்துது அவளுக்கு. மேகத்துக்கு நடுவுல, கொக்குக்கூட்டத்துக்கு நடுவுல, எங்கயோ தூரமா...

ம்? முழிச்சிருக்கியா? சரி.

அப்புறம் திடுக்குனு கண்ணைத் தொறந்தா. வட்டில் பானைக்கு அடியில கிடக்குது! எப்போ முழுகுச்சோ, யாருக்குத் தெரியும்? அவ வயல் வரப்பு வரைக்கும் தளும்புது. வாய்க்கால்ல சொட்டு... சொட்டு... அவ்ளோதான்.

அப்போ மொதல் யோசனை வந்துது. யாரும் பாக்கலையே! வட்டிலை எடுத்து மறுபடி மெதக்க விட்டா. பாக்கறவங்களுக்கு இப்பதான் விட்ட மாதிரி இருக்கும். ஆனா அது ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள வெளிய எடுத்துட்டா. யாரும் பாக்கலன்னு எப்படிச் சொல்றது? நான் பாத்துட்டேனே!

அப்புறம் ரெண்டாவது யோசனை. வேணும்னேவா செஞ்சேன்? தூக்கம் வந்தா யாரு என்ன பண்றது? கிடுகிடுன்னு கீழ போனா. வெள்ளையம்மா வயல் ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தா, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு.

"அக்கா, ஏரியில தண்ணி தீந்துபோச்சு"ன்னா சிலம்பாயி.

பொய்யா? பொய்யில்ல. தீந்துதானே போச்சு? வெள்ளையம்மா அதை அப்படியே நம்பிட்டா. "சரி புள்ள"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு, ஒரு கதிரைத் தொட்டுப் பாத்தா. காலடியில மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது. பொய் சொல்லாமலே ஒருத்தியை ஏமாத்த முடியுதேன்னு அன்னிக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது.

அப்போ மூணாவது யோசனை. அது யோசனை கூட இல்ல கண்ணு. ஓடினா, மண்வெட்டிய எடுத்தா, தன் வயல் வரப்பைத் தானே வெட்டினா. சதக்! சதக்! சதக்! தண்ணி குபுகுபுகுபுன்னு வெள்ளையம்மா வயலுக்குள்ள எறங்குச்சு. வெடிச்ச மண்ணு உஸ்ஸ்ஸுன்னு குடிச்சுது.

"என்னடி பண்றே?"

"நான் தூங்கிட்டேன்க்கா. உன் தண்ணியும் என் வயலுக்குள்ள போயிடுச்சு."

"எவ்வளவு போச்சு?"

"தெரியலக்கா."

"தெரியாம எவ்வளவு விடுவே? உன் பயிரு காயாதா?"

சிலம்பாயி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "எவ்வளவுன்னு தெரிஞ்சா அளந்து குடுப்பேன். தெரியாததை நான் வச்சுக்கக் கூடாதுக்கா. அது உனக்குத்தான்."

தண்ணி போயிக்கிட்டே இருந்துது. சிலம்பாயி வயல்ல நெல்லு அடித்தண்டு தெரிய ஆரம்பிச்சுது. வெள்ளையம்மா அதையே பாத்தா. அப்புறம் ரெண்டு கையாலயும் சேத்தை அள்ளி வெட்டின வாயில போட்டா. சொத்! சொத்! அடைச்சுட்டா.

"ஏன்க்கா அடைக்கிறே?"

"எனக்கு எவ்வளவு சேரணும்னு எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? தெரியாததை நான் மட்டும் வச்சுக்கலாமா?"

சிலம்பாயிக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. இம்புட்டு நேரம், நியாயத்தை யோசிக்கத் தன்னை விட்டா ஆளில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தா, பாரு!

ரெண்டு வயலும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சலா வெளைஞ்சுது. ஆனா வெளைஞ்சுது.

அப்புறம் வருஷம் எத்தனையோ போச்சு. வெள்ளையம்மாளும் போயிட்டா. ஞானியைப் பாக்க வர்றவங்க, "அம்மா, நல்லதுன்னா என்ன?"ன்னு கேப்பாங்க. சிலம்பாயி இந்த ரெண்டு வயல் கதையைத்தான் சொல்லுவா. "ஆகா, சிலம்பாயி என்னமாக் கண்டுபிடிச்சிருக்கா!"ன்னு வண்டி ஏறிப் போவாங்க. கடகடகடன்னு வண்டி போகும். அந்த வயசுலயும் கிழவி வண்டிக்குப் பின்னாடியே ஓடுவா. "ஏய்! நில்லுங்க! வெட்டினதுதான் நான், அடைச்சது வெள்ளையம்மா! அவ பேரையும் சேத்துச் சொல்லுங்க!"

நான் சேத்துச் சொல்லிட்டேன். ம்?... ம் காணோமே. சரி, வண்டி தூரமாப் போயிடுச்சு, கதையும் அதுல ஏறிப் போயிடுச்சு. தூங்கு.