வேர் மண்ணில் படக்கூடாது

ஏழுமூங்கில் என்று ஒரு மலையூர் இருக்கிறது. அங்கே ஒரு மூங்கில்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டால், "ஏழும் இருந்துச்சுங்க. சரியா எண்ணிப் பாக்கறதுக்காக ஒவ்வொண்ணா வெட்டி அடுக்கினோம்" என்பார்கள்.

நான் அடிவாரத்துக்காரன். ஏழுமூங்கில்காரர்களைப் போல நல்ல ஜனங்களை நான் பார்த்ததில்லை. கேட்டதைக் கொடுப்பார்கள், சொன்னதைச் செய்வார்கள். இந்த இரண்டாவதுதான் எனக்குக் கொஞ்சம் பயம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் யாராவது வந்து ஏதாவது சொன்னால் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதையில்லையாம். அவர் போன பிறகு மாசிலாமணியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று தாங்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள். இப்படித்தான் ஒருமுறை கொசு ஒழிக்க வந்தவர் "தண்ணீரை மூடி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக, குளத்துக்கு ஊரே சேர்ந்து பாய் பின்னியது.

அந்த ஊருக்கு ஒரே ஒரு ஊற்று. ஊருக்கு மேலே சரிவில் இருக்கிறது. சரிவு முழுக்க உண்ணிச்செடி மண்டி, வேர் போய் ஊற்றின் வாயை அடைத்துவிட்டது. தண்ணீர் நூலாக இளைத்து, அப்புறம் அதுவும் நின்றது. பாவாயி என்கிற பெண்மணிதான் ஊரில் எல்லோரையும்விட அதிகம் கஷ்டப்பட்டாள். அவள் வீடு கடைசி வீடு. தினமும் மலையிறங்கி ஆற்றில் ஒரு குடம் மொண்டு, இடுப்பு ஒடிய ஏறி வருவாள். பாதி வழியில் களைப்புக்குக் குடித்து, மீதி வழியில் சிந்தி, வீட்டுக்கு வரும்போது அரைக் குடம்தான் இருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

விஷயம் வனத்துறை வனவர் சகாயத்தின் காதுக்கு எட்டியது. அவர் வந்து, ஊரைக் கூட்டி, சரிவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இது நம்ம ஊர்ச் சரக்கே இல்ல. யாரோ அழகுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து தோட்டத்துல வச்சது. ஓரிடத்துல விட்டா சுத்திலும் பரவிடும். வெட்டினா மறுபடியும் வளரும். வெட்டாதீங்க. அடியோட எடுத்துத் தலைகீழாத் தொங்கவிடுங்க. முக்கியமா, வேர் மண்ணுல படக்கூடாது. அடுத்த வாரம் வருவேன். வேலை நடக்கலைன்னா சரிவுக்கு வேலி போட்டுப் பூட்டிருவேன். அப்புறம் ஊற்றை மறந்துர வேண்டியதுதான்."

"ஆகட்டுமுங்க" என்றது ஊர். வனவர் போனதும் பெஞ்சு நிரம்பியது.

"ஐயா எதைச் சொன்னாரு?" என்று தொடங்கினார் ஊர்த் தலைவர் தொட்டியப்பன்.

"உண்ணிச்செடியைத்தானே சொல்லியிருப்பாரு?" என்றாள் பாவாயி.

தலைவர் சிரித்தார். "வெளியில இருந்து வந்ததுன்னாரே அம்மிணி. உண்ணிச்செடி எங்க தாத்தா பொறக்கறதுக்கு முந்தியே இங்க இருக்குது. கணக்குப் பாத்தா நாமதான் அதுக்குப் பின்னாடி வந்தவிய. அது எப்படி வெளியூரு ஆகும்?"

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. நானாக இருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

"ஐயா கை நீட்டினப்ப நான் பின்னாடியே நின்னு பாத்தேன்" என்றான் மாசிலாமணி, டீயை ஆற்றியபடி. "விரலுக்கு நேரா, சரிவு முடியற இடத்துல பங்களா. பங்களாத் திண்டுல அந்தச் சென்னை அம்மிணி உக்காந்திருந்துச்சு."

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

சென்னை அம்மிணி என்றது ஓவியர் மிருணாளினியை. பழைய எஸ்டேட் பங்களாவை ஒரு அறக்கட்டளை எடுத்து, கலைஞர்கள் வந்து தங்கி அமைதியாக வேலை செய்யட்டும் என்று விட்டிருந்தது. சோறு, அறை எல்லாம் இலவசம். மிருணாளினிதான் முதலில் வந்தவர். அமைதி அவருக்கு ஏராளமாகக் கிடைத்தது. என்ன வரைவது என்பதுதான் கிடைக்கவில்லை.

"அவசரப்படக் கூடாது" என்றார் தலைவர். "ஒரு மனுசியைப் பத்தின விசயம். ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கணும். வெளியில இருந்து வந்ததா?"

"சென்னை பஸ்சுல."

"அழகுக்காகவா?"

"நானே கேட்டனுங்க. 'எதுக்கு அம்மிணி வந்தீங்க'ன்னு. 'இங்க அழகா இருக்கு, அதுக்காகத்தான்'னு சொல்லுச்சு."

"பரவுதா?"

"மொதல்ல ரூமுக்குள்ள மட்டும்தான் பெயிண்டு டப்பா. அப்புறம் வராண்டா. இப்பப் படிக்கட்டு வரைக்கும் வந்துருச்சு."

"வெட்டினா வளருதா?"

இங்கே எல்லோரும் தயங்கினார்கள். மாசிலாமணிதான் கை கொடுத்தான். "போன வாரம் வராண்டாவுல உக்காந்து நகம் வெட்டுச்சு. நேத்து டீ கொடுக்கறப்பப் பாத்தேன். நகம் மறுபடியும் வந்திருக்குது."

பெஞ்சில் பெருமூச்சு எழுந்தது. பாவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான பொண்ணு. ஆனா ஊத்துத் தண்ணி வேணுமே."

தலைகீழாகத் தொங்கவிடுவது பற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஊர்ப் பேர் கெட்டுவிடும் என்று பாவாயி கண்டிப்பாகச் சொன்னாள். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "ஐயா 'முக்கியமா'ன்னு சொன்னது எதை? வேர் மண்ணுல படக்கூடாதுங்கறதை. மனுசனுக்கு வேர் காலு. கால் மண்ணுல படாமப் பாத்துக்கிட்டாப் போதும். மத்தபடி ஆள் கொஞ்சம் வாடினாச் சரியாப் போகும்."

மறுநாள் காலையில் மிருணாளினி கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில் நின்றது. நான்கு மூலைக்கும் நான்கு பேர்.

"உக்காருங்க அம்மிணி. இனிமே நீங்க கால் தரையில வைக்க வேண்டியதில்ல."

"ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்?"

"எங்க கடமைங்க."

மலைஜனங்களின் விருந்தோம்பல் என்று அவர் நினைத்துவிட்டார். பாவம், வேறு என்னதான் நினைப்பார்? கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். எங்கே போக வேண்டுமென்றாலும் தூக்கிக்கொண்டு போனார்கள். குளியலறையில் மட்டும் இறக்கிவிட்டார்கள். அங்கே சிமெண்டு, சிமெண்டு மண்ணில்லை என்று அதற்கும் தனியாகக் கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். நாளுக்கொரு முறை தலைவர் வந்து முகத்தைக் கூர்ந்து பார்ப்பார், வாடியிருக்கிறதா என்று. வாடவில்லை. மூன்று வேளையும் பாவாயி ராகிக் களியும் கீரையும் ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. மிருணாளினி கொஞ்சம் பூசினாற்போலக்கூட ஆகிவிட்டார். வேலையும் ஓடியது. கட்டில் உயரத்தில் இருந்து பார்க்க, சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக உண்ணிப்பூ. அதையே வரைந்து தள்ளினார்.

சொன்னபடி அடுத்த வாரம் வனவர் வந்தார். சரிவைப் பார்த்தார். உண்ணிச்செடி போன வாரத்தைவிட ஒரு முழம் ஏறியிருந்தது.

"எங்கய்யா எடுத்தீங்க?"

"எடுத்துட்டமுங்க" என்றார் தலைவர் பெருமையாக. "அன்னையில இருந்து வேர் மண்ணுல படவே இல்லீங்க." கட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். மிருணாளினி எழுந்து வணக்கம் சொல்ல, நான்கு பேர் பதறி அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

விஷயம் விளங்க வனவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மிருணாளினிக்கு இன்னும் கொஞ்ச நேரம். விளங்கியதும் அவர் முகம் சிவந்து, "நானா களை?" என்று கத்தினார். வனவர் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். ஒரு கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் செய்யறதைப் பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

ஊர் பார்த்தது. அவர் ஒரு செடியின் தூரைச் சுற்றிக் குத்தி, ஆணிவேரை அறுத்து, தூக்கித் தலைகீழாக மரத்தில் மாட்டினார். அடுத்தது. அதற்கும் அடுத்தது. கோபத்தில் இருக்கிற மனிதனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மிருணாளினிக்கோ அவரைவிடக் கோபம். கட்டிலில் இருந்து குதித்து, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். இருவருமாகச் செடி செடியாக எடுத்து, பொழுது சாயும்போது ஊற்றடிக்கு வந்துவிட்டார்கள்.

கடைசிச் செடியின் முன்னால் வனவர் மூச்சு வாங்க நின்றார். "ஏய்யா, ஒருத்தனாவது வந்து ஒரு கை கொடுக்கலாமில்ல?"

"பாத்துக்கிட்டே இருங்கன்னீங்களேங்க. ஒருத்தரும் கண் சிமிட்டலீங்க."

வனவர் வானத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து அந்தச் செடியைப் பிடித்து இழுத்தார்கள். பாறை இடுக்கில் இருந்து வேர் ஜடைபோல உருவிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் பீறிட்டுக் கிளம்பியது.

ஊரே ஓவென்று கூவியது. பாவாயி அழுதேவிட்டாள். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன். அவள் ஓடிப்போய்க் குடத்தைக் கொண்டுவந்து ஊற்றின் வாயருகே வைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் குடம் நிரம்பி வழிந்தது.

வனவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "இனிமே இந்த மாதிரி எது தலைகாட்டினாலும் இதே மாதிரி செய்ங்க. என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லி பைக்கில் ஏறிப் போனார். மிருணாளினி கொப்புளம் வந்த கைக்கு எண்ணெய் போடப் பங்களாவுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

பாவாயி குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"அம்மிணி, கொஞ்சம் இரு" என்றார் தலைவர். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க இருந்து வந்துச்சு?"

"மலைக்கு உள்ளார இருந்து."

"நம்ம ஊரு மலைக்கு மேல. அப்ப உள்ளாரன்னா வெளியூரு."

எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"பாக்க அழகா இருக்குதுங்க" என்றான் மாசிலாமணி, தாழ்ந்த குரலில். "பரவவும் செய்யுது. என் கால் வரைக்கும் வந்துருச்சு."

தலைவர் குனிந்து, அரிவாளால் ஓடுகிற தண்ணீரைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார். வெட்டிய இடத்தில் தண்ணீர் மறுபடியும் வந்து சேர்ந்துகொண்டது. இன்னொரு வெட்டு வெட்டிப் பார்த்தார். அப்போதும் அப்படியே.

"நல்லவேளை, பாத்தோம்" என்றார்.

வீடுவீடாகக் குடங்கள் வந்தன. மொண்டு மொண்டு, உண்ணிச்செடி தொங்கிய அதே மரத்தில் ஒவ்வொரு குடத்தையும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். காலிக் குடத்தைத் தட்டிப் பார்த்து, "சுத்தமாப் போயிடுச்சு, ஐயா சொன்னது பலிக்குது" என்று மெச்சிக்கொண்டார்கள். ஆனால் ஊற்றில் வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் அவர்களும் விடவில்லை.

மரத்தில் ஏறி இறங்கி எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. பாவாயிதான் முதலில் அதைக் கவனித்தாள். கிளையில் தொங்கிய தன் குடத்தை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேலையைப் பாருங்க" என்றாள். "நான் ஆத்துக்கு இறங்கி, எல்லாருக்கும் குடிக்க ஒரு குடம் தண்ணி கொண்டாரேன்."