தரையில் ஊதிய சங்கு

கேட்கிறவர்கள் கேளுங்கள், கொட்டாவி விடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். கடலுக்கு யாரும் எல்லை போடாத காலம் அது. நத்தைத்துறை என்று ஒரு மீன்பிடி ஊர். நாற்பதே வீடு. நாற்பது வீட்டுக்கும் ஒரே ஒரு கரைவலை.

கரைவலை என்றால் சும்மா இல்லை. தோணியில் கொண்டுபோய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கை தளர்ந்தால் வலை கோணும். வலை கோணினால் மீன் போய்விடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், அவன் வீட்டுப் பெண் வலைக்கொட்டகையில் தொங்கும் சங்கை எடுத்து ஊதுவாள். சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடி வருவார்கள். ஏன், எதற்கு என்பதெல்லாம் பிறகுதான். மூன்று நாள் தேடுவார்கள். அதுவரை ஊரில் அடுப்பு எரியாது. ஆள் கிடைத்துவிட்டால், கிடைத்தவனே கோயில் விளக்கில் நெருப்பெடுத்து, வீடு வீடாகப் போய் நாற்பது அடுப்பையும் பற்றவைக்க வேண்டும். பொய்யாகச் சங்கு ஊதினவர்களுக்கு மட்டும் ஊரில் இடமில்லை.

இப்படி இருந்த ஊருக்கு ஒரு மருந்துக்காரன் வந்தான். சிரித்த முகம், தேன் ஒழுகும் பேச்சு, தோளில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கறுப்பு உருண்டை. "கயிறு அறுத்த கைக்கு இது மருந்து, ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றான். போட்டார்கள். வலி போயிற்று. மறுநாள் வலி இல்லாமலே போட்டார்கள். அதற்கடுத்த நாள் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. அது மருந்தில்லை, அபின்.

முதலில் ஒருவன் கயிறு பிடிக்க வரவில்லை. "காய்ச்சல்" என்றார்கள் வீட்டில். பிறகு இன்னொருவன். "இடுப்புப் பிடிப்பு" என்றார்கள். பிறகு இன்னொருவன். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு" என்றார்கள். விருந்தாளி வந்த வீட்டிலிருந்து மீன் பங்கு வாங்கக்கூட ஆள் வரவில்லை, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்படிப் பதினோரு பேர். ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது. கதவைச் சாத்தினால் புகை வெளியே போகுமா? உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் மாசானம். அவன் பெண்டாட்டி பேச்சி. பேர்தான் பேச்சி, வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்குத் தவழுகிற பெண் குழந்தை ஒன்று. ஒருநாள் நடுப்பகலில் குழந்தை அப்பன் மடியில் ஏறப் போக, அவன் யாரோ என்னவோ என்று தள்ளிவிட்டான். குழந்தை அழுதது. அவன் அதைக் கேட்கவே இல்லை.

பேச்சி குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராக வலைக்கொட்டகைக்குப் போனாள். சங்கை எடுத்தாள். ஊதினாள்.

அடுப்பெல்லாம் அணைந்தது. ஊரே கடற்கரைக்கு ஓடியது. பார்த்தால் தோணியெல்லாம் கரையிலேயே நிற்கின்றன.

"ஏட்டி, யாரைக் காணோம்?"

"எங்க வீட்டு ஆளை."

"மாசானமா? அவன் வீட்டிலதான கெடக்கான்!"

"ஆமா, கெடக்காரு. இருக்காரா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஊர்த்தலைவர் முத்துமாலை முன்னால் வந்தார். "பேச்சி, பொய்ச் சங்குக்கு என்ன தண்டனைன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. கடல்ல தொலைஞ்சவனுக்கு அடையாளம் என்ன? கூப்பிட்டாக் குரல் வராது. பிள்ளை முகம் கண்ணுக்குத் தெரியாது. உலையில போட்ட அவன் பங்குச் சோறு அப்படியே மிஞ்சும். மூணும் எங்க வீட்டில இருக்கு. நான் ஊதினது பொய்யின்னா இப்பவே ஊரைவிட்டுப் போறேன்."

முத்துமாலை தலையைக் குனிந்துகொண்டார்.  பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொய்யில்லம்மா. எந்தம்பியும் தொலைஞ்சு ஆறு மாசமாச்சு. காய்ச்சல்னு ஊரை ஏமாத்துனேன்."

அவ்வளவுதான். "எங்க வீட்டிலயும்" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டிலயும்" என்றார் ஒருவர். வீட்டுக்கு வீடு வாசப்படி என்பது அன்றைக்குத்தான் அந்த ஊருக்குத் தெரிந்தது.

தேடுதல் தொடங்கியது. முதலில் ஊரோரம் மருந்துக்காரன் போட்டிருந்த குடிசைக்குப் போனார்கள். யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை. "எங்க ஆளுங்க பதினோரு பேரைக் காணோம். உம்ம பெட்டிக்குள்ள இருக்காங்களான்னு பார்க்கணும்" என்றார்கள். சிரித்த முகம் வெளிறிப்போனது. உருண்டையைக் கடலில் கொட்டலாம் என்றார் ஒருவர். "மீன் என்ன பாவம் செஞ்சுது?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

பிறகு பதினோரு பேரையும் வலைக்கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவனுக்கு இருவர் காவல். அவர்கள் நடுங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "ஒரே ஒரு உருண்டை, பேச்சி" என்று மாசானம் கெஞ்சினான். அவள் நகரவில்லை. ஊர் மூன்று நாளும் ஊறவைத்த அவலும் இளநீரும்தான் சாப்பிட்டது. சூடாக ஒரு வாய் கஞ்சி இல்லை. பிள்ளைகள்கூட முகம் சுளிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாசானம், "பசிக்குது" என்றான். கொட்டகையே அழுது சிரித்தது. பதினோரு பேரும் நெருப்பெடுத்துப் போய் அடுப்புகளைப் பற்றவைத்தார்கள்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். போதை அவ்வளவு லேசில் விடுகிற கழுதையா?

ஒரு மாதம் போயிற்று. மருந்துக்காரனைத் தேடி மாசானம் பக்கத்து ஊருக்கே நடந்துவிட்டான். பேச்சி இரண்டாம் முறை சங்கு ஊதினாள். இந்தத் தடவை சிலர் சலித்துக்கொண்டார்கள். "இவனுக்காக எத்தனை தடவைதான் பட்டினி கெடக்க?"

முத்துமாலை சொன்னார்: "கடல் ஒருத்தனை ஒரே தடவைதான் இழுக்குமா? ரெண்டாந் தடவை இழுத்தா விட்டுருவோமா?" சலித்துக்கொண்டவர்களும் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். போய்க் கூட்டிவந்தார்கள். மறுபடியும் மூன்று நாள். மறுபடியும் நாற்பது அடுப்பு.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒருநாள் உலை கொதிக்கிற நேரத்தில் மூன்றாம் முறை சங்கு கேட்டது. எல்லோரும் பேச்சியைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். ஓடுகிற கூட்டத்தில் பேச்சியும் இருந்தாள், கையெல்லாம் மீன் செதிலோடு. அப்படியானால் ஊதுகிறது யார்?

கொட்டகையில் மாசானம் நின்றான். கையில் சங்கு.

"நான் இன்னும் தொலையல" என்றான். "தொலையப் போறேன். அந்த ஆள் ஊர் எல்லையில வந்து நிக்கான். காலு தானா அங்க போகுது. யாராவது வந்து என்னைப் பிடிச்சுக்கோங்க."

பேச்சி முதலில் போய்ப் பிடித்தாள். முத்துமாலை பிடித்தார். அவர் தம்பி பிடித்தான். மற்றவர்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். நாற்பது வீட்டுக் கூட்டம் வருவதைக் கண்ட மருந்துக்காரன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அதன்பிறகு அவனை அந்தக் கரையில் யாரும் பார்க்கவில்லை.

மாசானம் திரும்பி ஊரைப் பார்த்தான். ஒரு கூரையிலும் புகை இல்லை. அவன் சங்கு ஊதினதும், ஏன் என்று கேட்காமல், பாதி வெந்த சோற்றோடு நாற்பது அடுப்பையும் அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவன் மணலில் உட்கார்ந்து விம்மி அழுதான்.

பிறகு எழுந்து கோயிலில் நெருப்பெடுத்தான். வாசல் வாசலாகப் போனான். ஒவ்வொரு அடுப்பையும் பற்றவைத்து, ஒவ்வொரு வீட்டையும் கும்பிட்டான். "கும்பிடெல்லாம் இருக்கட்டும், காலைல வந்து கயித்தைப் பிடி" என்றார்கள். மறுநாள் பிடித்தான். வலை கோணாமல் வந்தது.

அன்றைக்கு வீடு திரும்பிய அப்பன் மடியில் மறுபடியும் ஏறி உட்கார்ந்த அந்தக் குழந்தையின் பேரன் பேத்தி வழியில் வந்தவன்தான் இந்தக் கதை சொல்கிறவன். அந்த நாற்பது வீட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் என் வீட்டில் இன்றும் அடுப்பு மூட்டுகிறோம்.

ஆகவே கேட்டவர்களே, கடலில் தொலைந்தவனைத் தேடுவது போலவே போதையில் தொலைந்தவனையும் மறைக்காமல், வெறுக்காமல், எத்தனை முறை தொலைந்தாலும் ஊர் கூடித் தேட வேண்டும்.