உம் கொட்டிய நாற்காலி

வாருங்கள், இப்படிக் கிட்டத்தில் உட்காருங்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் "உம்" கொட்ட வேண்டும். உம் கேட்காவிட்டால் எனக்குக் கதை வராது.

ஆறுகள் தம் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் காரைக்காடு என்று ஒரு நாடு இருந்தது. மூன்று ஊர், ஒரு ஏரி, அவ்வளவுதான் நாடு. அதை ஆண்டவர் திருமேனி ராசா.

நல்ல ராசா. குதிரை ஏறுவார், வாள் சுழற்றுவார், ஒருமுறை கரடியோடு மல்லுக்கட்டியும் இருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வராது. "வேண்டாம்" என்கிற சொல். அது தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே படுத்துக்கொள்ளும். இலையில் நாலாவது அப்பத்தை வைத்தாலும் தின்பார், பதினாலாவதை வைத்தாலும் தின்பார்.

அவருடைய சிம்மாசனத்தைக் கரையான் தின்றுவிட்டது. நொடித்துப்போன ஒரு வணிகர் வீட்டிலிருந்து, மூன்று மூட்டை எள் கொடுத்து ஒரு பழைய நாற்காலியை வாங்கினார்கள். ராசாவின் பாட்டனாரை விட அதற்கு வயது அதிகம். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. இருக்கையிலிருந்து பஞ்சு ஆட்டுத் தாடி மாதிரி தொங்கியது. ராசா கொஞ்சம் அசைந்தால் போதும், "கிறீச்" என்று சபை முழுக்கக் கேட்கும்.

அந்தச் சத்தத்தில்தான் ராசாவின் நிம்மதி இருந்தது. கிறீச் என்றால், ராசா எழுந்திருக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மந்திரி பேச்சை நிறுத்தினார். புலவர் ஓலையைச் சுருட்டினார். வரியைக் குறை என்று அழுதவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ராசா நாட்டை ஆண்டார்.

இப்படி இருக்கும்போது, பக்கத்து நாட்டுத் தூதர் தேனப்பர் வருவதாக ஓலை வந்தது. அவர் பேசினால் பாகற்காயும் இனிக்கும் என்பார்கள். காரைக்காட்டு ஏரியில் பாதியைக் கேட்கத்தான் வருகிறார் என்றும் ஊரெல்லாம் பேச்சு. பாதி ஏரி போனால் மூன்று ஊரில் இரண்டு ஊருக்கு விளைச்சல் கிடையாது.

ராணி கோதைநாச்சி சொன்னாள், "என்னங்க, தூதர் வர்ற நேரத்துல பஞ்சு பிதுங்குற நாற்காலியிலயா உக்காருவீங்க? ஆசாரிகிட்ட குடுத்துப் புதுசாக்கிடறேன்."

புதுசாக்கினால் கிறீச் போய்விடுமே என்று ராசா நினைத்தார். வேண்டாம் என்று காட்ட ஒரு கிறீச் போதும். ஆனால் அவர் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டு எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆசாரி சுடலையாண்டியின் பட்டறைக்கு நாற்காலி போய்ச் சேர்ந்தது.

சுடலையாண்டி வேலையில் கெட்டிக்காரர். பழைய அரக்கைச் சுரண்டினார். சொரசொரப்பான பராய் இலையால் மூன்று நாள் தேய்த்தார். இலுப்பை எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மேலே புது அரக்குப் பூசினார். இருக்கையைப் பிரித்து அடியில் தேங்காய் நார், அதன் மேல் இலவம் பஞ்சு வைத்து, சிவப்புப் பட்டால் மூடிப் பித்தளை ஆணி அடித்தார். கடைசியாக ஆடிய காலையெல்லாம் கழற்றி, புளியங்கொட்டைப் பசை வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார்.

சபைக்கு வந்த நாற்காலியைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ராசா உட்கார்ந்தார். இடது பக்கம் அசைந்தார், வலது பக்கம் அசைந்தார், குதித்தும் பார்த்தார். நாற்காலி வாயே திறக்கவில்லை.

அன்றைக்குப் புலவர் நூற்றெட்டுப் பாட்டுப் படித்தார். மந்திரி தம் மூட்டுவலியைப் பற்றி மத்தியானம் வரைக்கும் சொன்னார்.

ராசா பட்டறைக்கு ஓடினார். "ஆசாரி, அந்தச் சத்தம் எனக்குத் திரும்ப வேணும்."

சுடலையாண்டி உளியைக் கீழே வைத்தார். "ராசா, முப்பது வருசமா சத்தத்த எடுக்கத்தான் கூலி வாங்குறேன். வைக்கிறதுக்கு எங்க அப்பன் எனக்குச் சொல்லித் தரலையே."

"எப்படியாவது வை. நாலு நாள்ல தூதர் வர்றார்."

முதல் நாள் ஆசாரி ஒரு காலின் ஆப்பைத் தளர்த்தினார். சத்தம் வரவில்லை, நாற்காலி இடது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் நின்ற மந்திரி, ராசா தம் பேச்சை ஆசையோடு குனிந்து கேட்கிறார் என்று நினைத்து, மூட்டுவலியை விட்டு முதுகுவலிக்குப் போனார்.

இரண்டாம் நாள் அந்தக் காலை மறுபடி இறுக்கி, இருக்கைக்குள்ளே காய்ந்த வாகை நெற்றுகளைத் திணித்தார். அசைந்தால் கலகலவென்றது. அதைக் கிலுகிலுப்பை என்று நினைத்து ராசாவின் ஒரு வயது மகள் தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஆகா, இதற்கும் ஒரு பாட்டு இருக்கிறது" என்று புலவர் ஓலையை விரித்தார்.

மூன்றாம் நாள் நெற்றை எடுத்துவிட்டு, பின்கால் பொருத்தில் ஒரு தோல் துண்டைச் செருகினார். ராசா அசைந்தார். சத்தம் வந்தது. ஆனால் கிறீச் என்று வரவில்லை.

"உம்."

ராசா மறுபடி அசைந்தார். நாற்காலி மறுபடி "உம்" என்றது. கதை கேட்கிற பிள்ளை மாதிரி நல்ல அழுத்தமான உம்.

"இத எடுத்துடு ஆசாரி" என்றார் ராசா.

"தோல் பசையில ஒட்டிக்கிச்சு ராசா. காலை அறுத்தாத்தான் வரும். அறுத்தா மறுபடி சேர்க்க பத்து நாள் ஆகும்."

நாலாம் நாள் காலையில் தேனப்பர் வந்துவிட்டார்.

ராசா நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்தார். அசைந்தால் உம். உம் என்றால் ஏரி போச்சு. மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

தேனப்பர் ராசாவின் வீரத்தைப் புகழ்ந்தார். ராணியின் குணத்தைப் புகழ்ந்தார். நாற்காலியையும் புகழ்ந்தார். பிறகு, "பெரிய மனசுக்காரர் நீங்கள். பாதி ஏரி உங்களுக்கு ஒரு கை நீர். எங்களுக்குத் தருவீர்கள்தானே?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு ராசாவின் தொடையில் வாயை வைத்தது. ராசா துள்ளினார்.

"உம்" என்றது நாற்காலி.

"சம்மதம் சொல்லிவிட்டார்" என்று தேனப்பர் கையைத் தட்டினார். "ஓலையைக் கொண்டுவாருங்கள், முத்திரை வைக்கட்டும்."

வாசலில் ஏரிக்கரைக் குடியானவர்கள் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ராசா அவர்களைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். தொண்டையில் படுத்துக் கிடந்த சொல் புரண்டு படுத்தது.

"அது... நாற்காலி சொன்னது" என்றார் ராசா.

தேனப்பர் சிரித்தார். "அப்படியா? சரி, ராசா என்ன சொல்கிறீர்கள்?"

ராசா எழுந்து நின்றார்.

"தர மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழும் என்று நினைத்தார். கூரை பிரியும் என்று நினைத்தார். தேனப்பர் கத்தியை உருவுவார் என்று நினைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. தேனப்பர் ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். "கேட்டுப் பார்த்துட்டு வான்னுதான் எங்க ராசாவும் அனுப்பினார்" என்றார். "சாப்பாடு ஆயிடுச்சா? வழியில ஒண்ணும் சாப்பிடலை."

மறுநாள் ராணி வந்து, "நாற்காலி எவ்வளவு நல்லா வந்துச்சு பாத்தீங்களா. நம்ம கட்டிலையும் ஆசாரிகிட்ட குடுத்துடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் ராசா.

"சரி" என்று சொல்லிவிட்டு ராணி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இவ்வளவுதானா என்று ராசாவுக்கே நம்ப முடியவில்லை.

ஆகவே பிள்ளைகளே, வேண்டாம் என்பதை நம் வாய் சொல்லாவிட்டால், சரி என்று வேறு எதுவாவது நமக்காகச் சொல்லிவிடும்.