பள்ள மூலை

தையல்நாயகி அம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட வைரக்கண்ணுவுக்கு அறுபத்தொன்று. கொள்ளிடக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்துபோகிறவர்கள் இதைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள். வைரக்கண்ணு கண்டுகொண்டதில்லை. ரோஷம், வெட்கம் எல்லாம் போன மாசியோடு அவரைவிட்டுப் போயிருந்தன.

போன மாசியில் அவருடைய ஒரே மகன் குணசீலன் டிராக்டர் கவிழ்ந்து இறந்தான். பருவம் தப்பிப் பெய்த மழைக்குப் பிறகு, எள் விதைப்பதற்காக, நெல் அறுத்த வயலை உழப் போயிருந்தான். பின்சக்கரம் சேற்றில் புதைந்து, முன்பக்கம் தூக்கி, வண்டி அவன்மேல் சாய்ந்தது. ஈரம் காய்வதற்குள் வண்டியை இறக்கிவிட்டான், அவசரக்காரப் பையன் என்று ஊர் பேசியது. பெற்றவள் வேம்புவும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிகாலை, வைரக்கண்ணு அவளிடம்கூடச் சொல்லாமல் புறப்பட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

ஒரு வருஷம் மடத்து மாடுகளுக்கு வைக்கோல் போட்டார், தண்ணீர் இறைத்தார், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அவருக்கு வேண்டியிருந்தது காவி ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டால் பழைய வைரக்கண்ணு ஒழிந்துபோவான் என்று நம்பினார். பாவம், அந்த நிலைமையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்த வருஷமும் தை முடிகிற சமயத்தில் மழை கொட்டித் தீர்த்தது. மடத்துக்கு மூன்று மா நிலம் இருந்தது. அதில் விளைகிற எள்ளை ஆட்டித்தான் வருஷம் முழுக்க விளக்கு எரியும். ஈரம் அதிகமிருந்தால் விதை அழுகிவிடும், அதிகம் காய்ந்துவிட்டால் முளைக்காது. விதைக்கும் நாளை வைரக்கண்ணுவே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார் அம்மாள். காவியைப் பற்றியும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம் என்றார்.

தினமும் காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து, இன்னும் ஆகவில்லை என்பார் வைரக்கண்ணு. பன்னிரண்டாம் நாள் அம்மாளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். வானம் மூடிக் கிடந்தது. வரப்போரமாகக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது.

“பதம் வந்துடுச்சும்மா. நாளைக்கு உழுதுடலாம்.”

அம்மாள் வயலின் மறுகோடியைப் பார்த்தார்.

“எனக்கும் வந்துடுச்சும்மா,” என்றார் வைரக்கண்ணு. “அழுகை நின்னு மூணு மாசம் ஆச்சு. பையன் முகங்கூட சரியா நெனப்புக்கு வரமாட்டேங்குது. காவி குடுத்துடுங்க.”

அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். நிலம் தென்கிழக்குப் பக்கமாகச் சரிந்து போகும். இருபது தப்படி போனதும் கால் அழுந்த ஆரம்பித்தது. பள்ள மூலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் தெரியவில்லை.

“வாங்க ஐயா.”

வைரக்கண்ணு அசையவில்லை. அம்மாள் இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்த மூலையைப் பார்க்கவே பிடிக்காதவர்போல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாள் அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தார். விரலிடுக்கில் பிதுங்கியது. கையை விரித்தபோது விரல் தடம் மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. உதறிப் பார்த்தார். கையைவிட்டுப் போகவில்லை. வைரக்கண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“போன வருஷம் எங்க வயல்லயும் வரப்போரந்தாம்மா பாத்தேன். செருப்பு சேறாயிடுமேன்னு இறங்கல.”

கையிலிருந்த மண்ணை மறுபடி இறுகப் பிடித்தார்.

“அவன் சொன்னான். பள்ள மூலை இன்னும் காயல, ரெண்டு நாள் போகட்டும்ப்பான்னு சொன்னான். எள்ளு விதைக்கிற பட்டம் தப்பிடும், உனக்கென்னடா தெரியும்னு நாந்தான் வண்டிய இறக்க வச்சேன்.”

நின்றுபோனதாக அவர் சொன்ன அழுகை வந்தது. மண் ஒட்டிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகை அடங்கிய பிறகு கேட்டார்.

“இது வேம்பம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. பையன் அவசரப்பட்டுட்டான்னு அவகிட்ட மொதல்ல சொன்னதே நாந்தான்.”

தூறல் போட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“அப்ப எனக்கு எப்பம்மா பதம் வரும்? இன்னும் எத்தனை வருஷம் இங்க இருக்கணும்?”

“எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த மடம் உங்களுக்கு வரப்புதான் ஐயா,” என்றார் தையல்நாயகி அம்மாள். “வேம்பம்மா பள்ளத்துல தனியா நிக்கிறாங்க.”